பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு

மாலையில் ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்கு மட்டும் இணைப்பு அறுந்துபோகும். முதலில் அவ்வளவுதான்.

ஹெட்செட்டுக்குள் யாரோ ஒருவர் கத்திக்கொண்டிருப்பார். அந்தக் குரல் திடீரென்று தண்ணீருக்குள் அமுங்கியதுபோல் மங்கிப்போய், அடுத்த மூச்சில் விட்ட இடத்திலிருந்து கத்தலைத் தொடரும். ஜன்னலில் வெளிச்சம் வடிந்து, தெருவிளக்கு இன்னும் எரியத் தொடங்காத அந்த இரண்டும்கெட்டான் வேளையில், நாள் தவறாமல் ஒருமுறை. வேறு யாராக இருந்தாலும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அவளுக்கு அதுதான் பிழைப்பு. இணையச் சேவை தரும் ஒரு நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு ஊரெல்லாம் அழைத்துத் திட்டும் திட்டுகளில் ஒரு பங்கு, இந்தக் கூடத்தின் மூலையில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் அவளுடைய காதுக்குத்தான் வந்து சேரும்.

“ஏம்மா, நேத்தும் இதையேதான சொன்னே? ஆஃப் பண்ணு, ஆன் பண்ணு. இதைச் சொல்றதுக்கு உனக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?”

“இன்னும் ஒரு தடவை பண்ணிப் பாருங்க சார். பிளக்கைப் பிடுங்கிட்டு, கொஞ்சம் பொறுத்து மாட்டணும். உடனே மாட்டினா அது மறக்காது.”

“எது மறக்காது?”

“பழைய கோளாறை, சார்.”

அந்த ஆள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வைத்தார். அவள் ஹெட்செட்டைக் கழுத்துக்குத் தள்ளிவிட்டு, மூலையில் பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்த ரவுட்டரைப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறோம், நம் வீட்டு நோயைக் கவனிக்கவில்லையே என்று தோன்றியது.

இரவு கணவன் மருந்துக்கடையைச் சாத்திவிட்டு வந்தான். வழக்கம்போல வாசலிலேயே ஆரம்பித்தான்.

“என்ன ஹெல்ப்லைன், இன்னிக்கு எத்தனை பேரு திட்டினாங்க?”

“உங்க தங்கச்சியைச் சேர்த்தா, சேர்க்காமலா?”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. நாத்தனார் அன்றும் அழைத்திருந்தாள். எதற்கென்று ஒரு காரணம் வேண்டியதில்லை. மாமியார் போன பிறகு பழைய வீட்டில் இருக்கவே முடியவில்லை என்று முதலில் சொன்னது கணவன்தான். ஆனால் நாத்தனார் கணக்கில் அது அண்ணி தீட்டிய திட்டம். ‘எங்கம்மா போட்டுக்கிட்ட துணி கூடக் காயல, அதுக்குள்ள மகாராணி வீடு மாறிட்டாங்க’ என்று அவள் சொந்தக்காரர்கள் காதிலெல்லாம் ஓதி முடித்திருந்தாள்.

மகாராணி வந்து சேர்ந்த அரண்மனையும் லேசுப்பட்டதில்லை. தெருவின் கடைசி வீடு. அதற்கப்பால் புல் மண்டிய காலி மனை, அதைத் தாண்டி ஒரு பெரிய வாய்க்கால். குறைந்த வாடகை என்றதுமே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சுவர்கள் எப்போதும் வியர்த்துக்கொண்டிருந்தன. கதவுகள் சட்டத்தில் சரியாகப் பொருந்தாமல், மூடினால் விரலை நசுக்கவும் மூடாவிட்டால் தானே அடித்துக்கொள்ளவும் காத்திருந்தன. அலமாரியில் வைத்த துணி மறுநாளே ஈரவாடை அடித்தது. குடிவந்த நாளிலிருந்து அந்த வீடு அவர்களை ஒரு விருந்தாளியாகக்கூட மதிக்கவில்லை. எப்போது கிளம்புவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தது.

அந்த வீட்டில் சிக்கலில்லாமல் நடந்த ஒரே காரியம் வைஃபைதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. வீடு மாறி, புது ரவுட்டர் வாங்கினால், டிவியிலிருந்து கேமரா வரை ஒவ்வொன்றையும் புதிதாக இணைக்க வேண்டும். அரைநாள் அதிலேயே போய்விடும். ஆனால் புது ரவுட்டருக்குப் பழைய வைஃபையின் பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே வைத்துவிட்டால் ஒரு வேலையும் இல்லை. பொருட்களுக்கு வீடு மாறியது தெரியாது. பழைய பெயரைக் கேட்டதும் அதுவதுவாக வந்து ஒட்டிக்கொள்ளும். உதவி எண்ணில் அழுகிறவர்களுக்கெல்லாம் அவள் சொல்லிக்கொடுக்கும் குறுக்கு வழி அது. புது வீட்டில் ரவுட்டரை மாட்டிய அன்று, தாய்க்கோழியின் குரல் கேட்டு ஓடிவரும் குஞ்சுகள் மாதிரி டிவி, லேப்டாப், போன், சமையலறை ஸ்பீக்கர், குழந்தை அறைக் கேமரா எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தபோது, “பாத்தீங்களா, யாரையும் கூப்பிட வேண்டியதே இல்ல. தெரிஞ்சதெல்லாம் தானா வந்துடும்” என்று கணவனிடம் பீற்றிக்கொண்டாள்.

மறுநாள் மாலை, அந்தக் கணம் வருவதற்கு முன்பே ரவுட்டரின் பக்கத்தை லேப்டாப்பில் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இணைந்திருப்பவை எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. எல்லாம் வீட்டுப் பொருட்கள். ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. ஹெட்செட்டில் ஒரு குரல் அமுங்கியது. வரிசையின் அடியில் இன்னொன்று முளைத்தது. பெயர் வருவதற்குள், ஒரே ஒரு சிக்னல் கோட்டோடு, தயங்கியதுபோல் நின்று, மறைந்தது.

“பக்கத்து வீட்டுக்காரங்க ஓசியில பாக்குறாங்க போல” என்றான் கணவன்.

“ஓசியில பாக்குறதுக்கும் பாஸ்வேர்டு வேணுங்க. இது கதவைத் தட்டல. சாவி போட்டுத் திறந்துகிட்டு வருது.”

“அப்ப நம்மளோடதுதான். பழைய போனு ஏதாவது மூட்டையில கிடக்கும்.”

இருவரும் பிரிக்காத பெட்டிகளையெல்லாம் பிரித்தார்கள். பழைய போன் ஒன்று கிடைத்தது. பேட்டரி உப்பிச் செத்துப்போயிருந்தது. பெயரில்லாமல் வந்து போகும் அந்த விருந்தாளியை அவள் ரவுட்டரில் தடை செய்தாள். மறுநாள் மாலை அது மறுபடி வந்தது. தடை செய்த குறிப்பு இருந்த இடம் காலியாக இருந்தது. கோடுகள் கூடியிருந்தன.

சிக்னல் கோடு என்பது தூரம். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடு கூடினால் பொருள் பக்கத்தில் வந்திருக்கிறது. அவள் தன் போனைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு இறங்கி, கேட்டைத் தாண்டி, தன் போனில் ஒரே ஒரு கோடு மிஞ்சும் வரை நடந்து பார்த்தாள். காலி மனையின் நடுவே, முழங்கால் உயரப் புல்லுக்குள் வந்து நின்றாள். முதல் நாள் அது நின்றிருந்த இடம் ஏறக்குறைய இது. பிறகு இன்று அது காட்டிய கோடுகள் தன் போனில் தெரியும் வரை வீட்டை நோக்கித் திரும்பி நடந்தாள். கேட்டுக்கு வெளியே, தெருவோரத்தில், கால் நின்றது. ஈர மண்ணைப் புதிதாகக் கொத்திப் புரட்டினால் வரும் வாசனை. அதற்குள் இன்னொரு வாசனை, நெஞ்சில் தேய்க்கும் தைலத்தினுடையது. கற்பூரம் கலந்த, தொண்டையை அடைக்கும் காட்டம். யார் வீட்டிலோ யாருக்கோ சளி என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நினைத்துக்கொண்டாளே தவிர நம்பவில்லை. ஏனென்றால் தெருவில் அப்போது எந்த வீட்டு ஜன்னலும் திறந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாலைகளில் அவள் வேலையில் அடிக்கடி தடுமாறினாள். திட்டுபவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே கண்ணை வரிசையின் அடியில் வைத்திருந்தாள். அதன் கோடுகள் கூடின, குறையவே இல்லை. ஒரு மாலை அது கேட்டுக்கு உள்ளே வந்திருந்தது. இன்னொரு மாலை, வாசல்படியருகே. முன்பெல்லாம் வந்ததும் மறைந்தது, இப்போது நின்று பார்த்துவிட்டுத்தான் போயிற்று. அந்த நேரத்தில் உருண்டை எந்த விளையாட்டில் இருந்தாலும் நிறுத்திவிடுவான். உருண்டை என்பது குழந்தைக்குக் கணவன் வைத்த செல்லப்பெயர். இன்னும் நடை பழகவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்து எழுந்து நிற்பான், தொபுக்கென்று விழுவான், அதற்கே கைதட்டச் சொல்வான். அது வாசல்படியருகே வந்த மாலை அவன் தவழ்வதை நிறுத்தி, வாசல் கதவின் அடியிலிருந்த இடுக்கைப் பார்த்து, கன்னம் குழியச் சிரித்தான். தெரிந்தவர்களைப் பார்த்தால் மட்டும் சிரிக்கும் சிரிப்பு.

அவள் ஓடிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டாள். அவன் அவள் தோளைத் தாண்டி எட்டி, கதவை நோக்கிக் கையை நீட்டினான்.

பிறகு, மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை. காலையிலிருந்தே வானம் இறங்கி வந்து கூரைமேல் உட்கார்ந்திருந்தது. வாய்க்கால் நிரம்பி, காலி மனை முழுவதும் கலங்கிய தண்ணீர் தேங்கி நிற்க, மழைச்சத்தம் வீட்டின் நான்கு புறமும் ஆட்கள் நின்று வாளி வாளியாய் மண்ணை அள்ளிக் கொட்டுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது. உருண்டை தன் அறையில், கம்பித் தடுப்பு வைத்த சின்னக் கட்டிலில் தூங்கினான். அவள் ஹெட்செட்டை மாட்டியிருந்தாள். பேசுகிறவர் என்ன சொன்னார் என்று தெரியவில்லை.

குரல் அமுங்கியது. வரிசையின் அடியில் அது முளைத்தது. இந்த முறை மறையவில்லை. நின்றது. பெயர் மெதுவாக வந்து உட்கார்ந்தது.

‘அம்மா.’

“ஹலோ? ஹலோ? லைன்ல இருக்கியா, இல்ல தூங்கிட்டியா?” ஹெட்செட்டில் குரல் திரும்பி வந்து அதட்டியது. அவள் ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அது விளிம்பிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

அந்தப் பெயரை வைத்தவன் கணவன். பழைய வீட்டில், மாமியார் படுக்கையில் விழுந்தபோது வாங்கிய ஓர் அழைப்புப் பெல்லுக்கு வைத்தது. அது வெள்ளை நிறத்தில், ஒரு சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாய், கழுத்தில் கயிறு கோத்து மாட்டிக்கொள்ளும்படி இருந்தது. அமுக்கினால் வைஃபை வழியாகச் சமையலறை ஸ்பீக்கர் ஒலிக்கும். அது ஒலிக்காத நேரம் என்று ஒன்று அந்த வீட்டில் இருந்ததில்லை. நெஞ்சுச் சளி புரையோடி, தைலமும் கபமும் மணக்கும் அறையில் மாமியார் படுத்தபடி அமுக்குவார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு “வரேன் அத்தை!” என்று ஓடுவாள். போய் நின்றால் தண்ணீர் கேட்கமாட்டார், மாத்திரை கேட்கமாட்டார்.

“பையனைக் கொண்டா. ஒரு தடவை தூக்கிக்கிறேன்.”

“டாக்டர் பக்கத்துல விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு அத்தை. உங்களுக்கு இருக்கிற சளி குழந்தைக்கு ஒட்டிக்கும்.”

“டாக்டரா சொன்னான்? நீ சொல்ல வச்சே. எனக்குத் தெரியாதா உன்னை?”

வாசலில் நின்று காட்டுவாள், அவ்வளவுதான் முடிந்தது. மாமியார் இரண்டு கைகளையும் நீட்டியபடி, கண் கொட்டாமல் பார்ப்பார். குழந்தையைப் பார்க்கும் கண்ணில் ஏக்கம் இருக்கும். அந்தக் கண் அவள் பக்கம் திரும்பும்போது அதில் இருந்தது வேறு. “எப்படியும் நான் வாங்கிக்குவேன்” என்பார், மூச்சிரைப்புக்கு நடுவில். அவள் திரும்பி நடக்கும் முன்பே பெல் மறுபடி ஒலிக்கும்.

அந்தப் பெல் இப்போது எங்கே? பெட்டிகளில் இல்லை. பிரித்துப் பார்த்தாயிற்று.

நாத்தனாருக்குப் போன் போட்டாள். அவள் எடுத்த எடுப்பிலேயே, “என்ன அண்ணி, அதிசயமா நீங்களே கூப்பிடுறீங்க? எங்கம்மாவோட வேற ஏதாவது தூக்கிப் போடணுமா?” என்றாள்.

“அத்தை கழுத்துல ஒரு பெல் இருந்துச்சே. அதை யாரு எடுத்தது?”

“எதுக்கு இப்ப அது?”

“சொல்லும்மா. யார்கிட்ட இருக்கு?”

மறுமுனையில் நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள்.

“யாரும் எடுக்கல. கடைசியா உள்ளங்கையில வச்சு இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. விரலைப் பிரிக்க முடியல. அண்ணன்தான், விடு, அப்படியே இருக்கட்டும்னாரு. அதோடதான் புதைச்சோம்.” அவள் குரல் உடைந்து, உடனே கூர்மையானது. “தெரியுமா உங்களுக்கு? கடைசி நாள் பூரா அதை அமுக்கிக்கிட்டே இருந்தாங்க. பேரனைத் தூக்கணும்னு. நீங்க விடல.”

“நான் ஒவ்வொரு தடவையும் போய் நின்னேன்மா. ஒரு தடவைகூடப் போகாம இருந்ததில்ல.”

“போய் நின்னு என்ன? கையில குடுத்தீங்களா?”

நாத்தனார் வைத்துவிட்டாள். லேப்டாப் திரையில் ‘அம்மா’ அசையாமல் நின்றது. கோடுகள் வாசல் கதவுக்கு நேர் வெளியே என்றன. அந்தத் தூரம் அவளுக்கு மனப்பாடம். தாழ்ப்பாளைப் போட்டாள். மேல்தாழ்ப்பாளையும் போட்டாள். மரக்கதவின் மறுபுறம், மழைக்கு அடியில், மழையில்லாத ஒரு சத்தம். சளியில் சிக்கிச் சிக்கி வெளிவரும் மூச்சு.

கணவனுக்குப் போன் போட்டாள். சொல்லச் சொல்ல அவளுக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது.

“ஏய், ஏய், அழாதம்மா. மழை விட்டதும் கடையைச் சாத்திட்டு வந்துடுறேன். ஏதோ மெஷின் கோளாறும்மா. பேரு பழசு எங்கயோ ஒட்டிக்கிட்டு நிக்குது.”

“மூச்சு விடுற சத்தம் கேக்குதுங்க.”

“பாஸ்வேர்டை மாத்திடு. ஊருக்கே அதைத்தானே சொல்றே? பாஸ்வேர்டு தெரியாட்டி எதுவும் உள்ள வர முடியாது. தீர்ந்துச்சு.”

ஆமாம். அது சரி. பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அவள்தான். தெரிந்ததெல்லாம் வந்தது. இனிமேல் கூப்பிடக் கூடாது. சாவியை மாற்றிவிட்டால் வாசலோடு நிற்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடலாம்தான். ஆனால் இருக்கிற ஒரே வாசல் அதுதான்.

வைஃபையின் பெயரை மாற்றினாள். பாஸ்வேர்டை மாற்றினாள். யாரும் ஊகிக்க முடியாதபடி எழுத்தும் எண்ணும் கலந்து, நீளமாக. பொத்தானைத் தட்டியதும் ரவுட்டரின் விளக்கு சிவந்தது. வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தது. டிவி போயிற்று. ஸ்பீக்கர் போயிற்று. கேமரா போயிற்று. ‘அம்மா’ கடைசி வரை நின்றது. பிறகு அதுவும் போயிற்று.

கதவின் மறுபுறம் மூச்சுச் சத்தம் நின்றிருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேலை தெரிந்தவளாக எழுந்தாள். போனுக்கும் லேப்டாப்புக்கும் புதுச் சாவியைக் கொடுத்தாள். ஸ்பீக்கரை இணைத்தாள். அடுத்தது கேமரா. அது குழந்தை அறையில், கட்டிலுக்கு மேலே சுவரில் இருந்தது. முக்காலி போட்டு ஏறினாள். உருண்டை விழித்திருந்தான். ரப்பர் வாத்து ஒன்றை வாய்க்குள் திணித்துக் கடித்தபடி, சத்தமில்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போனில் கேமராவின் பக்கத்தைத் திறந்து பாஸ்வேர்டை அடிக்க ஆரம்பித்தாள். உதவி எண்ணில் இத்தனை வருடம் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுத்தை மனதுக்குள் படிக்க வராது. காது மந்தமானவருக்கும் விளங்கும்படி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் சேர்த்து, வாய்விட்டுச் சொல்லித்தான் விரல் நகரும்.

“ரோஸ்ல வர்ற ஆர். மேங்கோவுல வர்ற எம். ஏழு. பஸ்ல வர்ற பி, பெரிய எழுத்து...”

சொல்லி முடித்தாள். முடித்ததும் என்ன கேட்க வேண்டுமோ அதையும், யோசிக்காமலே, தினமும் ஆயிரம் பேரைக் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

“குறிச்சுக்கிட்டீங்களா?”

“ம்.”

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது அது.

முக்காலிமேல் அவள் உறைந்து நின்றாள். குழந்தையைப் பார்த்தாள். அவன் வாய் நிறைய வாத்து. கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், அறைவாசலை.

திரும்பினாள். திரைச்சீலை மட்டும் தொங்கியது. காற்றில்லாமல், லேசாக ஆடி அடங்கிக்கொண்டிருந்தது. கூடத்து விளக்கு வெளிச்சத்தில் தரை தெரிந்தது. வாசல் கதவிலிருந்து இந்த அறை வரை ஈரம். கோடு இழுத்ததுபோல், சேற்றுத் தண்ணீர்.

தாழ்ப்பாள் இரண்டும் போட்டபடியே இருந்தன.

கையிலிருந்த போனில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தாள். கேமரா வந்து சேர்ந்தது. புதுச் சாவி கொடுத்த எல்லாம் வரிசையில் இருந்தன. அடியில் இன்னும் ஒன்று.

‘அம்மா.’

சிக்னல் முழுதாக. எல்லாக் கோடும்.

சமையலறையில் ஸ்பீக்கர் ஒலித்தது. பெல்லை அமுக்கினால் வரும் அந்தப் பழைய மெட்டு. முடிந்தது. மறுபடி ஒலித்தது. முடியும் முன்பே மறுபடி.

“வரேன் அத்தை” என்றாள். அவள் சொல்லவில்லை; வாய் சொன்னது.

பிறகு ஓடினாள். முக்காலி சாய்ந்தது. கூடத்து மூலை. ரவுட்டரின் பிளக். பிடுங்கி எறிந்தாள். விளக்குகள் செத்தன. மெட்டு பாதியில் அறுந்தது.

அமைதி.

மழைகூட நின்றிருந்தது. எப்போது நின்றது?

கொஞ்சம் பொறுக்கணும், என்றது மூளையில் ஏதோ ஒரு மூலை. கையில் வயரைப் பிடித்தபடி நின்றாள். தைல நெடி. கூடத்தில் இல்லை. அறைக்குள்ளிருந்து வந்தது.

குழந்தையை விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள்.

அறையில் உருண்டை சிரித்தான். தொண்டைக்குள்ளிருந்து கலகலவென்று, யாரோ வயிற்றில் முகம் புதைத்து ஊதினால் சிரிக்கும் சிரிப்பு.

அறைவாசலுக்கு ஓடினாள். திரையை விலக்கினாள்.

அவன் கட்டிலில் எழுந்து நின்றிருந்தான். கம்பியைப் பிடிக்கவில்லை. விழவில்லை. இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருந்தான், தூக்கிக்கொள் என்று கேட்கும்போது தூக்குவதுபோல்.

“உருண்டை. அம்மாகிட்ட வா. அம்மாகிட்ட வாடா.”

அவன் பாதங்கள் மெத்தையை விட்டு எழும்பின.

மெதுவாக. அக்குளில் பிடித்துத் தூக்கியதுபோல் சட்டை மேலேறிச் சுருங்க, கால்கள் தொங்க, கம்பிக்கு மேலே வந்தான். காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். கன்னம் ஏதோ ஒன்றின்மேல் அழுந்தித் தட்டையானது. அவன் கை எதையோ பற்றிக்கொண்டது. கீழே தரையில், பொடிப்பொடியாய், ஈர மண் உதிர்ந்தது.

“குடுங்க அத்தை.” அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். “ஒரே ஒரு தடவை தூக்கிட்டீங்கல்ல. குடுத்துடுங்க.”

சளி கட்டிய மூச்சு ஒன்று அவள் முகத்தில் சில்லென்று பட்டது.

குழந்தையின் முதுகில் சட்டைத்துணி ஓர் உள்ளங்கை அளவுக்குப் பள்ளமானது. எழும்பியது. மறுபடி பள்ளமானது. தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கும் அதே நிதானத்தில், மறுபடி, மறுபடி. அவன் கண்ணிமைகள் சொக்கின. வாயோரம் எச்சில் ஒழுகி, காற்றில் ஒரு தோளின் வளைவில் வழிந்து, கீழே விழாமல் அங்கேயே ஊறி மறைந்தது. அவள் எட்டி அவன் காலைப் பிடித்தாள். கால் சில்லிட்டிருந்தது. அவன் தூக்கக்கலக்கத்தில் முகத்தைச் சுளித்து, அவள் கையிலிருந்து காலை உதறி இழுத்துக்கொண்டு, இன்னும் இறுக அந்தப் பக்கமே ஒட்டிக்கொண்டான்.